சகலையின் அசல் முதுகு

ஃபிராங்க்ளினின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் வின்சென்ட்டுக்கு வயிறு எரியும். அழகான முதுகு என்று சொல்ல முடியாது. மேல்பாதி லேசாக முன்னால் வளைந்து, குடையின் கைப்பிடி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வளைவுக்கு ஒரு பெயர் இருந்தது. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். அவர் மனைவி பவுலின் அந்தப் பெயரை, ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம், மகன் வேலை பார்க்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரைச் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். கேட்டவர்கள், "அப்படியா!" என்று வாயைப் பிளப்பார்கள். "எங்க வூட்டுக்காரருக்கு முதுகுவலி" என்று மெர்சி சொன்னால், "எல்லாருக்கும்தான் இருக்கு" என்பார்கள்.

பவுலின் அக்காள், மெர்சி தங்கை. அக்காளைக் கட்டிய ஃபிராங்க்ளினும் தங்கையைக் கட்டிய வின்சென்ட்டும் கோலார் தங்கவயலிலிருந்து ஒரே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள்தான். பிறகு ஃபிராங்க்ளின் ஒரு ஐ.டி. பார்க்கில் மேனேஜராகிச் சொந்த ஃப்ளாட் வாங்கினார். வின்சென்ட் ஈஜிபுராவில் மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அடுகோடி லேத் பட்டறை ஒன்றில் உருப்படிகளை அளந்துபார்க்கும் வேலையில் நின்றுவிட்டான். ஃப்ளாட்டில் தோற்றான், காரில் தோற்றான், பிள்ளைகளின் இங்கிலீஷில் தோற்றான். அதையெல்லாம் ஆண்டவர் சித்தம் என்று விட்டுவிட்டான். ஆனால் முதுகு விஷயத்தில் மட்டும் அவனால் மனதைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. ஃபிராங்க்ளினுக்கு வலி வருவதற்கு ரொம்ப முன்பே அவனுக்கு வந்துவிட்டது. வலியிலாவது சீனியாரிட்டி பார்க்க வேண்டாமா?

அவனுடைய வலி ஒரு தினுசானது. காலையில் எழுந்தால் பலகை மாதிரி விறைத்துக் கிடப்பான். சாக்ஸ் மாட்டக் குனிவதற்குள் மெர்சி இரண்டு தரம் டீயைச் சுடவைத்துவிடுவாள். பட்டறைக்குப் போய் அங்கும் இங்கும் நடந்தால் மெல்ல இளகும். உட்கார்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஓய்வெடுத்தால் வலி, வேலை செய்தால் சுகம். இப்படியொரு வியாதியை ஏதோ ஒரு முதலாளிதான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று வின்சென்ட் நினைத்துக்கொள்வான். அவனுடைய முதலாளியும் லீவு கேட்டால், "நடந்தா சரியாயிடும்னு நீதான சொன்னே?" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிராங்க்ளின் வீட்டில் சாப்பாடு. சாய்வான நாற்காலி, மெத்தை, ஆட்டுக்கறிக் குழம்பின் நெஞ்செலும்புத் துண்டு எல்லாம் வழக்கம்போல ஃபிராங்க்ளினுக்கு. அவர் மணிக்கட்டில் தங்கநிறப் பட்டை ஒன்று மின்னியது.

"இது இன்னாண்ணா?" என்றான் வின்சென்ட்.

"ஆஸ்பத்திரில குடுத்தாங்க. நான் பிரைமரி. அசல் முதுகு நோயாளி. மாசம் ஊசி, வருஷத்துக்கு ஒரு தரம் பொன்னாடை."

"எனக்கும்தான் வலிக்குது."

"உனக்கு வலிக்குதுபா, யாரு இல்லேன்னா? எனக்கு டயக்னோஸ் ஆயிருக்கு."

மறுநாளே வின்சென்ட் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனான்.

முதுகுக்கென்று தனிக் கட்டடம். பெயர், மேருதண்ட மகாபீடம். வாசலில் முதுகெலும்பு வடிவத்தில் நீரூற்று, ஒவ்வொரு எலும்பிலிருந்தும் தண்ணீர் பீச்சியடித்தது. உள்ளே இரண்டு வகை இருக்கைகள். ஒரு பக்கம் மெத்தை வைத்த சாய்வு நாற்காலிகள். மறு பக்கம் முதுகே இல்லாத ஸ்டூல்கள்.

"நீங்க பிரைமரியா செகண்டரியா சார்?" என்று வரவேற்பில் இருந்த கேரல் கேட்டாள்.

"எனக்கு முதுகுவலிம்மா."

"அது ஓகே சார். முதுகோட சொந்த வலியா, வேற வியாதியிலேர்ந்து வந்த வலியா? வேற வியாதின்னா ஸ்டூல்."

"ஸ்டூல்ல சாய முடியாதே?"

"வந்தேறி வலிக்கு சாய்மானம் கிடையாது சார். ரூல்ஸ்."

மகாபீடத்தின் தலைவி டாக்டர் சுப்புலக்ஷ்மி ஸ்கேனை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேருகிற இடத்தைச் சுட்டிக்காட்டி, "ரொம்ப நல்ல வீக்கம்" என்று பாராட்டினார். வின்சென்ட்டுக்குப் பெருமையாக இருந்தது. குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், கழுத்தைத் திருப்பச் சொன்னார். இடது பக்கம் பாதிதான் திரும்பியது. டாக்டரின் முகம் இன்னும் மலர்ந்தது. பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். அங்கேதான் வினை.

வின்சென்ட் கல்யாணத்துக்கு முன்பிருந்தே முழுக்கைச் சட்டைதான் போடுவான். முழங்கையில் வெள்ளிச் செதிலாக ஒரு படை. காதுக்குப் பின்னால் ஒன்று, தலைக்குள்ளே கொஞ்சம். சொரியாசிஸ். தொட்டால் ஒட்டாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஆனாலும் கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் பக்கத்து ஆள் கையை இழுத்துக்கொண்டால் என்ன செய்வது? அதனால் மறைத்தே வைத்திருந்தான். முதுகுக்கும் அதற்கும் உறவு இருக்குமென்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. ஈஜிபுரா ரோட்டுப் பள்ளங்கள்தான் காரணம் என்று நம்பியிருந்தான்.

டாக்டர் சுப்புலக்ஷ்மி அவன் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். நகங்களெல்லாம் தையல்காரர் விரல்நுனியில் மாட்டும் அங்குஸ்தான் மாதிரி குழிகுழியாக இருந்தன. அவர் முகம் வாடிவிட்டது.

"உங்களுக்கு முதுகு நோயே இல்ல, மிஸ்டர் வின்சென்ட். தோல் நோய். அது முதுகுல வந்து குடியிருக்கு."

"வலிக்குதே டாக்டர்?"

"வலிக்கும். ஆனா அது எங்க வலி கிடையாது. வேறு நோய்களால வர்ற முதுகுவலியையும் இந்தப் பீடம் மதிக்குது. தூரத்துலேர்ந்து மதிக்குது."

"அப்ப எங்க சகலைக்குப் போடுற அந்த ஊசி?"

"உங்களுக்கும் கேக்கும். சீக்கிரம் போடணும் வேற. தள்ளிப் போட்டா எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டினது ஒட்டினதுதான், அப்புறம் கழுத்து இந்தப் பாதியும் திரும்பாது. ஆனா ஊசியை அந்த வியாதிக்கு உரிமையுள்ள துறைதான் எழுதணும். நான் எழுதினா நாளைக்கு மூட்டுவலி, முடிகொட்டல்னு எல்லாரும் பீடத்துக்குள்ள வந்துடுவாங்க."

கேரல் அவன் மணிக்கட்டில் சாம்பல்நிறப் பட்டையைக் கட்டினாள்.

தோல் பிரிவு அடித்தளத்தில், கேன்டீனில் தட்டு கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் தலைவரை ஆஸ்பத்திரி முழுக்க வெங்கி என்றே கூப்பிட்டார்கள். மகாபீடத்துக்கு நீரூற்று வந்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் ஜன்னலைத் திறப்பதில்லை. வின்சென்ட்டின் முழங்கையையும் ஸ்கேனையும் மாறி மாறிப் பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"சிஸ்டர்! எல்லாரையும் கூப்பிடுங்க. இந்த முதுகு நம்மளுது!"

நர்ஸுகள் வந்து கைதட்டினார்கள். வின்சென்ட் முடிந்தவரை நிமிர்ந்து நின்றான். நாற்பத்தாறு வயதில் அவன் முதுகை யாரோ முதல் முறையாகச் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

"என் தோல் போட்ட குட்டி இது," என்றார் வெங்கி. "அந்தம்மாவுக்கு எலும்பு, எங்களுக்கு ஆயின்ட்மென்ட்டுன்னு நெனச்சிட்டிருந்தாங்க. இப்ப பாருங்க!"

"அப்ப ஊசி எழுதிடுங்க டாக்டர்."

வெங்கி நாற்காலியில் சரிந்தார். "ஊசி போட்டா என்ன ஆகும் தெரியுமா? தோலும் சரியாகும், முதுகும் சரியாகும். முதுகு சரியானா அது சுப்புலக்ஷ்மி மேடம் கணக்குல ஏறும். நான் போட்ட ஊசிக்கு அவங்க மாலை போட்டுக்கணுமா? முதல்ல முதுகு என்னுதுன்னு அவங்க ஒத்துக்கட்டும். அதுவரைக்கும் இந்த ஆயின்ட்மென்ட்டைத் தடவுங்க."

"முதுகுலயா?"

"முழங்கையில. முதுகைப் பத்தி நெனச்சிக்கிட்டே தடவுங்க."

போகிற போக்கில், வலி மாத்திரை போட்டுப் போட்டு வயிறு சரியில்லை என்று வின்சென்ட் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அது எப்படியோ குடல் பிரிவு டாக்டர் டோரீன் காதுக்கு எட்டியது. குடல் அழற்சியாலும் முதுகெலும்பு மூட்டுகள் பாதிக்கப்படும் என்று அவர் ஒரு புத்தகத்தில் அத்தியாயமே எழுதியிருந்தார். ஆனால் நோயாளிதான் கிடைக்கவில்லை. வின்சென்ட்டை வரவழைத்து, பட்டினி போட்டு, குழாய் விட்டுப் பார்த்தார். குடல் குழந்தையின் குடல் மாதிரி சுத்தமாக இருந்தது.

"இன்னும் வரல," என்றார் டோரீன், சோர்ந்துபோகாமல். "வரலாம். அதுவரைக்கும் உங்க முதுகை நான் ரிசர்வ் பண்ணி வைக்கிறேன்."

இந்தச் செய்தி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தது. மெர்சி அக்காளிடம் நிதானமாகச் சொன்னாள்.

"உங்க வூட்டுக்காரருக்கு ஒரே டாக்டர்தானக்கா? எங்க வூட்டுக்காரருக்கு மூணு பேரு அடிச்சிக்கிறாங்க. பெரிய கூட்டமே போட்டு முடிவு பண்ணப் போறாங்களாம்."

பவுலின் சிரித்தாள். ஃபிராங்க்ளின் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டில் அவர் தட்டிலிருந்த நெஞ்செலும்புத் துண்டு ஆறிப்போயிற்று. நடுவில் இரண்டு தரம் தலையைச் சொறிந்துகொண்டார்.

"இது சொரியாசிஸா இருக்குமா, பாரு," என்று வின்சென்ட் முன்னால் தலையைக் குனிந்தார்.

வின்சென்ட் நிதானமாகப் பார்த்தான். "பொடுகுண்ணா. ஷாம்பூ போடுங்க, போயிடும்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதில் அவனுக்குக் கிடைத்த சுகம் எந்த வலி மாத்திரையிலும் கிடைத்ததில்லை. அதன்பிறகு அவன் ஊசியைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டான். "எங்க டிபார்ட்மென்ட்டுங்க ஒத்துவர மாட்டேங்குது" என்று பட்டறையில் அலுத்துக்கொள்வான், ஒரே பெண்ணுக்கு மூன்று வரன் வந்த தகப்பன் மாதிரி. கழுத்து இடது பக்கம் சுத்தமாகத் திரும்பாமல் போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் கோரமங்கலா சிக்னலில் மெர்சியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரைத் திருப்பினான். இடது பக்கம் வந்த பஸ் அவன் கண்ணில் படவேயில்லை. மெர்சி போட்ட கூச்சலில் பஸ் டிரைவர்தான் பிரேக் போட்டார்.

"பார்த்து ஓட்டக் கூடாதா சாமி?" என்று டிரைவர் கன்னடத்தில் கத்தினார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு மெர்சி கேட்டாள். "திரும்பவே மாட்டேங்குதா?"

"கூட்டம் முடியட்டும் மெர்சி. பிரைமரி ஆக்கினாலும் ஆக்கிடுவாங்க."

"எனக்கு பிரைமரியெல்லாம் வேணாம். பஸ் வந்தா பாக்குற புருஷன் போதும்."

உரிமை நிர்ணய மாநாடு ஆஸ்பத்திரியின் ஏ.சி. அரங்கில் நடந்தது. கடவுள் வாழ்த்து, குத்துவிளக்கு, டாக்டர்களுக்குப் பொன்னாடை. நோயாளியின் பெயரை யாரும் சொல்லவில்லை. அழைப்பிதழில் 'பொருள்' என்று மட்டும் போட்டிருந்தது. பொருள், மேடை நடுவில் ஸ்டூல் ஒன்றில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தது. முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒவ்வொரு எலும்புக்கும் மார்க்கரில் நம்பர். முன்வரிசையில், தங்கப்பட்டைக்காரர்களுக்கான இடத்தில், ஃபிராங்க்ளின்.

வெங்கி முதலில் பேசினார். "தோல் இல்லையென்றால் முதுகு எதற்குள்ளே இருக்கும்? முப்பது வருடமாக அடித்தளத்தில் இருக்கிறோம். எங்களுக்கு நீரூற்று வேண்டாம். ஒரு குழாய்கூட வேண்டாம். இந்த ஒரு முதுகைக் கொடுங்கள், போதும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டோரீன் எழுந்தார். "இவருடைய குடல் இன்று சுத்தமாக இருக்கலாம். அது அவருடைய ஒத்துழைப்பின்மை. அதற்காக என் ஆராய்ச்சி காத்திருக்க முடியுமா?"

கடைசியாக சுப்புலக்ஷ்மி. "நண்பர்களே, இந்த முதுகு எங்களுடையது இல்லை என்று சொன்ன முதல் ஆள் நான்தான். ஆனால் எல்லாரும் கேட்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. எங்களுக்கு வேண்டாத முதுகு என்பதற்காக மற்றவர்களுக்குக் கொடுத்துவிட முடியாது."

பலத்த கைதட்டல். பிறகு சமரசம். கழுத்தெலும்புகள் ஏழும் தோல் பிரிவுக்கு. இடுப்புப் பக்கத்து ஐந்தும் குடல் பிரிவுக்கு. நடுவில் உள்ள பன்னிரண்டும் மகாபீடத்துக்கு, ஏனென்றால் அந்த உயரத்துக்கு எக்ஸ்ரே மேசை அவர்களிடம்தான் இருக்கிறது. மூன்று பேரும் மூன்று கலரில் கோடு போட்டார்கள். அரங்கமே எழுந்து நின்றது.

கோடு போட்ட மார்க்கரின் சில்லிப்பில் வின்சென்ட்டுக்கு மெர்சியின் கூச்சல் ஞாபகம் வந்தது.

"டாக்டர், ஊசி?" என்றான்.

பொருள் பேசும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மூவரும் குனிந்து குசுகுசுத்தார்கள். சுப்புலக்ஷ்மி மைக்கைப் பிடித்தார்.

"அந்த ஊசிக்கு எல்லை தெரியாது. போட்டால் மூன்று பகுதிக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். யார் குணப்படுத்தினார்கள் என்று தெரியாமல் ஒரு நோயாளி குணமாவது எந்தப் பிரிவுக்கும் நல்லதில்லை. அடுத்த மாநாட்டில், வெளிநாட்டு அறிஞர்கள் முன்னிலையில் இதை விவாதிப்போம்."

மறுபடி கைதட்டல். ஜனங்கள் மேடையேறி, பொருளோடு செல்ஃபி எடுக்க வரிசை கட்டினார்கள். வின்சென்ட் சிரித்தான். சிரிக்காமல் எப்படி இருப்பது? வரிசையில் தங்கப்பட்டைக்காரர்கள்கூட நின்றார்கள். ஃபிராங்க்ளின் மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. வாழ்நாளில் அவர் முதுகில் ஒருவரும் ஒரு கலரில்கூடக் கோடு போட்டதில்லை.

மறுநாள் காலையில் ஃபிராங்க்ளினின் கார் ஈஜிபுரா சந்துக்குள் நுழைந்து ஹாரன் அடித்தது. வின்சென்ட் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடியிலிருந்து இறங்கினான்.

"ஏறு. சந்தாபுரால ஒரு மூட்டு டாக்டரம்மா இருக்காங்க. மௌரீன்னு பேரு. டயர் கடைக்கு மாடியில. பேசிட்டேன்."

"எதுக்குண்ணா?"

"எதுக்கா? ஊசி போட. வேணும்ன்ற டெஸ்ட்டெல்லாம் எடுத்து, ஆகணும்னா நானே மாசாமாசம் கூட்டிட்டுப் போறேன்."

வின்சென்ட் சந்தேகத்தோடு பார்த்தான். கழுத்து திரும்பாததால் உடம்பு மொத்தத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. "இவ்ளோ நாளு இல்லாத பாசம்?"

"பாசமா? நேத்து ராத்திரி பூரா நான் தூங்கல, தெரியுமா? நீ நல்லாயிட்டேன்னா ஒருத்தனும் உன்னோட போட்டோ எடுத்துக்க மாட்டான். எனக்கு அது போதும்."

"பொறாமையில கூப்புடுறீங்க."

"ஆமாபா, பொறாமைதான். வர்றியா இல்லியா?"

வின்சென்ட்டுக்குச் சட்டென்று புரிந்தது. இந்தக் காரில் ஏறினால் அவன் மறுபடி யாரோ ஒருவன். ஏறாவிட்டால் அடுத்த மாநாட்டில் வெளிநாட்டுக்காரர்கள் முன்னிலையில் ஸ்டூலில் உட்காரலாம். இவ்வளவு காலம் ஏங்கியது இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. சகலை பொறாமைப்படுகிறார், அதுவும் வாய்விட்டு.

"அடுத்த மாநாடு முடிஞ்சப்புறம் பாக்கலாம்ணா," என்றான்.

மாடிப்படியில் மெர்சி நின்றிருந்தாள். கையில் அவனுடைய ஸ்கேன், செருப்பு, தண்ணீர் பாட்டில்.

"பொறாமையோ பாசமோ, கார் ஓடுது இல்ல? ஏறுங்க."

ஏறினான்.

டாக்டர் மௌரீன் வேர்க்கடலை தின்றுகொண்டே ஸ்கேனைப் பார்த்தார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, கண் சிவந்து வலித்ததுண்டா, வீட்டில் வேறு யாருக்காவது தோல் படை உண்டா, பீடி சிகரெட் உண்டா என்று கேட்டார். முதுகில் இன்னும் அழியாமல் இருந்த மூன்று கலர் கோடுகளைப் பார்த்துவிட்டு, "பச்சை குத்திக்கிட்டீங்களா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

"தோலும் முதுகும் தனித்தனி இல்ல. ஒரே தீ, ரெண்டு ரூம்ல எரியுது. மொதல்ல நெஞ்சு எக்ஸ்ரே, டிபி டெஸ்ட், லிவர் டெஸ்ட். அதெல்லாம் சரியா இருந்தா ஊசி. ஊசி போட்டா போதும்னு படுத்துக்கக் கூடாது, தினம் உடற்பயிற்சி செய்யணும். ஒட்டிப்போனதைப் பிரிக்க என்னால முடியாது. உங்களுது இன்னும் ஒட்டல. வீக்கம்தான் பிடிச்சிருக்கு."

மெர்சி எழுதிக்கொண்டாள். ஃபிராங்க்ளின் கனைத்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். அவனுது பெருசா, என்னுது பெருசா?"

"எது?"

"வியாதி."

மௌரீன் ஃபிராங்க்ளினை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டுக்கும் ஒரே ஊசிதான் சார்." கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.

டெஸ்ட்டுகள் சரியாக வந்தன. ஊசி ஆரம்பித்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் மெர்சி டீயை ஒரே தரம் சுடவைத்ததோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கும் பிறகு ஒரு நாள் ஸ்கூட்டரில் போகும்போது, "இடது பக்கம் பார்த்தது போதும், நேராப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு விஷயம் தெரிந்ததும் மூன்று துறைகளும் வரலாற்றில் முதல் முறையாக ஒன்று சேர்ந்தன. தீர்ப்பு நிலுவையில் இருக்கும் முதுகை அனுமதியின்றிக் குணப்படுத்தியது பெருங்குற்றம். பொருள் ஏற்கெனவே சாம்பல்நிறம், அதிலிருந்து இறக்க இடமில்லை. ஆகவே அதைக் கடத்திச் சென்ற ஃபிராங்க்ளினின் தங்கப்பட்டை பறிக்கப்பட்டது. கேரல் அதைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது, "சாரி சார், ரூல்ஸ்" என்றாள். நீரூற்று அன்றும் எல்லா எலும்பிலிருந்தும் பீச்சியடித்துக்கொண்டிருந்தது.

அதனால் இந்த மாதம் இருவருமே சந்தாபுராவுக்குப் போனார்கள். டயர் கடை மாடியில், ஒரே பெஞ்சில், சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மௌரீன் இரண்டு ஊசிகளையும் எடுத்துவைத்தார்.

"யாருக்கு முதல்ல?"

வின்சென்ட் ஃபிராங்க்ளினின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். பட்டை இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"அண்ணனுக்கே முதல்ல போடுங்க டாக்டர். அவருதான் அசல்."

ஃபிராங்க்ளின் அவனைச் சந்தேகத்தோடு பார்த்தார். முதலில் போட்டுக்கொள்வதில் என்ன நஷ்டம், இரண்டாவதாகப் போட்டுக்கொள்வதில் என்ன லாபம் என்று அவர் முகத்தில் கணக்கு ஓடியது.

"வேணாம் டாக்டர், அவனுக்கே போடுங்க. சின்னவன்."

"பரவால்லண்ணா, நீங்க போட்டுக்கோங்க."

"நீ போட்டுக்கோன்றேன்ல."

"இல்லண்ணா, நான் விட்டுக் குடுக்குறேன்."

ஃபிராங்க்ளின் பெஞ்சைவிட்டே எழுந்துவிட்டார். முகம் சிவந்துபோயிருந்தது.

"பாத்தீங்களா டாக்டர்? விட்டுக் குடுக்குறதுலயும் இவனே முந்திக்கிறான்!"

மௌரீன் பெஞ்சில் மிச்சமிருந்த ஒரே வயிற்றில் ஊசியைக் குத்தினார்.